சமையலறையும் பருத்திக்காடும்: கறுப்பின விடுதலையை எழுதிய பெண்கள்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் விடுதலை எழுத்துகளை அறிமுகப்படுத்தும் நூல்களில் ஒரு வரிசை ஏறக்குறைய நிலைபெற்றுவிட்டது. 1829இல் டேவிட் வாக்கர் விடுத்த அறைகூவலில் தொடங்கி, 1845இல் வந்த பிரெடரிக் டக்ளஸின் தன்வரலாறு, 1903இல் வந்த டுபாய்ஸின் கட்டுரைத் தொகுப்பு, 1965இல் வந்த மால்கம் எக்ஸின் வாழ்க்கைக் கதை என்று அது நீளும். பெண்கள் எழுதியவை கடைசியில், ‘பெண்களின் பங்களிப்பு’ என்ற தலைப்பின் கீழ், பின்னிணைப்பாக ஒட்டவைக்கப்படும். காலவரிசையைப் பார்த்தாலே இந்த ஏற்பாடு பொருந்தவில்லை. வாக்கர் 1830இல் இறந்தார். அவரால் ஊக்கம் பெற்ற மரியா ஸ்டூவர்ட் அதே பாஸ்டன் நகரில் 1831இல் எழுதத் தொடங்கி, மறு ஆண்டே ஆண்களும் பெண்களும் கலந்திருந்த அவையில் அரசியல் பேசினார். பொருளைப் பார்த்தாலோ பொருத்தமின்மை இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. ஆண்களின் எழுத்தில் விடுதலை பெரும்பாலும் குடியுரிமை, வாக்கு, மானம், வன்முறைக்கு எதிரான தற்காப்பு ஆகியவற்றின் மொழியில் பேசப்பட்டபோது, பெண்களின் எழுத்து வேறொரு கேள்வியை விடாமல் கேட்டுவந்தது: எந்த வேலையை யார் செய்கிறார், அதன் பலன் யார் வீட்டுக்குப் போகிறது? ஏறத்தாழ 150 ஆண்டுகளில் கறுப்பினப் பெண்கள் எழுதியவற்றுள் வலிமை மிகுந்தவை எல்லாம் இந்தக் கேள்வியிலிருந்தே பிறந்தவை.

ஐந்து வயதில் பெற்றோரை இழந்து ஒரு மதகுருவின் வீட்டில் வேலைக்காரச் சிறுமியாக வளர்ந்தவர் மரியா ஸ்டூவர்ட். கணவர் விட்டுச்சென்ற சொத்தை வெள்ளை வணிகர்கள் ஏமாற்றிப் பறித்துக்கொண்ட பிறகே அவர் பேனாவைக் கையில் எடுத்தார். பாஸ்டன் அமைந்த மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அப்போது அடிமைமுறை இல்லை. எனினும் கறுப்பினப் பெண்கள் அடுப்படிக்கு அப்பால் போக முடியாமல் இருந்ததையே அவர் முதன்மையான அரசியல் சிக்கலாக முன்வைத்தார். சொந்தமாகத் தொழில் நடத்திய வெள்ளைப் பெண்கள் சிலரிடம், நற்சான்றிதழோடு வரும் கறுப்பினப் பெண்களை வேலைக்கு வைத்துக்கொள்வீர்களா என்று அவர் கேட்டதாகவும், தங்களுக்கு மறுப்பில்லை, ஆனால் வாடிக்கையாளர் வரமாட்டார்கள் என்று அவர்கள் சொன்னதாகவும் 1832ஆம் ஆண்டு உரையில் வருகிறது. தனக்கொன்றும் தடையில்லை, ஊர்தான் ஒப்பாது என்னும் இந்தப் பதில், சட்டம் கைவிட்ட பிறகும் ஒடுக்குமுறை எப்படி நடமாடுகிறது என்பதை நீண்ட விளக்கம் எதுவுமின்றிக் காட்டிவிடுகிறது.

தெற்கு மாநிலங்களில் நிலைமை வேறாக இருந்தது. அங்கே பெண்ணின் உடலே சட்டத்தால் உற்பத்திக் களமாக ஆக்கப்பட்டிருந்தது. பிரிட்டிஷ் குடியேற்றப் பகுதியான வர்ஜீனியா 1662இல் இயற்றிய சட்டத்தின்படி, பிறக்கும் குழந்தை அடிமையா இல்லையா என்பதைத் தாயின் நிலையே தீர்மானித்தது. தந்தைவழியாக உரிமையைக் கணக்கிட்டு வந்த ஆங்கில மரபை இந்த ஓர் இடத்தில் மட்டும் தலைகீழாக்கியதால் இரண்டு பலன்கள் கிட்டின: அடிமைப் பெண்ணிடம் குழந்தை பெற்ற வெள்ளை எசமானுக்குத் தந்தைக்குரிய பொறுப்பு எதுவும் இல்லாமல் போயிற்று, அந்தக் குழந்தை அவனுடைய சொத்துப் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்ந்தது. வெளிநாடுகளிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவது 1808இல் தடைசெய்யப்பட்டதும் இந்த ஏற்பாட்டின் முக்கியத்துவம் பன்மடங்கு பெருகியது. ஆப்பிரிக்காவிலிருந்து இன்றைய அமெரிக்க நிலப்பரப்புக்கு நேரடியாகக் கொண்டுவரப்பட்டவர்கள் சுமார் 4 லட்சம் பேர். 1860இல் அங்கே அடிமைகளாக இருந்தவர்கள் ஏறத்தாழ 40 லட்சம் பேர். ஆக, பருத்திப் பொருளாதாரம் பகலில் பெண்ணின் கைகளையும், வாழ்நாள் முழுதும் அவளுடைய கருப்பையையும் வேலை வாங்கியது.

இதை உள்ளிருந்து எழுதியவர் ஹேரியட் ஜேக்கப்ஸ். வட கரோலினாவின் ஈடென்டன் ஊரில் 1813இல் பிறந்த அவரை, எசமான் வீட்டுத் தலைவரான மருத்துவர் ஜேம்ஸ் நார்காம் பதின்வயதிலிருந்தே பாலுறவுக்குக் கட்டாயப்படுத்திவந்தார். அவரிடமிருந்து தப்புவதற்காக மற்றொரு வெள்ளையரோடு உறவு கொண்டு இரண்டு குழந்தைகளைப் பெற்றதை ஜேக்கப்ஸ் தம் நூலில் மறைக்கவில்லை. அடிமைப் பெண்ணின் நடத்தையைச் சுதந்திரமான பெண்ணுக்குரிய அளவுகோலால் அளக்கலாகாது என்றும் வாதிட்டார். கற்பு நெறி தவறிய நாயகி மடிந்தாக வேண்டும் என்பது அக்காலக் கதைகளின் விதியாக இருந்த நிலையில், இது சாதாரணத் துணிச்சலன்று. 1835இல் அவர் தலைமறைவானார். வடக்கே ஓடவில்லை, அதே ஊரில், தம் பாட்டி வீட்டின் கூரைக்கு அடியிலிருந்த ஓர் இடுக்கில் ஏழாண்டுக்குச் சற்றே குறைவான காலம் ஒளிந்திருந்தார். அந்த இடுக்கு 9 அடி நீளம், 7 அடி அகலம். உயரமோ, கூடுதலாக இருந்த இடத்திலேயே 3 அடிதான். நிமிர்ந்து நிற்கவே முடியாத அந்த இருட்டில், கையில் அகப்பட்ட ஒரு துளைக்கருவியால் மரச்சுவரில் சிறு துளைகளிட்டு, கீழே விளையாடும் தம் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நார்காமைத் திசைதிருப்ப, நியூயார்க்கிலிருந்து எழுதியவை போன்ற கடிதங்களை நண்பர்கள் வழியாக அங்கிருந்தே அஞ்சலில் சேர்க்கச் செய்தார்.

1842இல் வடக்கே தப்பிச் சென்ற ஜேக்கப்ஸ், பிறர் வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கிடையில் எழுதிய அந்த நூல் 1861இல் லிண்டா ப்ரென்ட் என்ற புனைபெயரில் வெளிவந்தது. அதன்பின் நடந்ததும் சொல்லத்தக்கதே. பதிப்பித்த லிடியா மரியா சைல்ட் என்ற வெள்ளைப் பெண்மணிதான் நூலை எழுதியிருக்க வேண்டும், அது கற்பனைக் கதையாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆய்வாளர் பலர் நூறாண்டுக்கு மேலாக நம்பிவந்தனர். ஜீன் ஃபேகன் யெலின் என்ற ஆய்வாளர் கடிதங்களையும் ஆவணங்களையும் திரட்டி, இது ஜேக்கப்ஸ் தம் வாழ்வைத் தாமே எழுதியதுதான் என்று 1980களில் நிறுவிய பிறகே அந்த ஐயம் நீங்கியது. அடிமை ஆண் எழுதினால் சாட்சியமாகவும், அடிமைப் பெண் எழுதினால் புனைகதையாகவும் தோன்றியதற்கு ஆய்வு முறையைக் காட்டிலும் ஆய்வாளரின் மனப்பழக்கமே காரணம் என்று கொள்வதில் பிழையிருக்காது.

அடிமைமுறை ஒழிந்த பின் வந்த தலைமுறையில் இருவர் தவிர்க்க முடியாதவர்கள். அன்னா ஜூலியா கூப்பர் 1892இல் வெளியிட்ட நூல், கறுப்பினத்தின் நிலையை அவ்வினத்துச் சிறந்த ஆண்மகன் ஒருவனின் உயர்வைக் கொண்டு அளக்கும் வழக்கத்தை மறுத்து, பெண்ணின் நிலையே உண்மையான அளவு என்றது. கூப்பர் பின்னாளில், 1925இல், பாரிஸின் சொர்போன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். அதே 1892இல் மெம்பிஸ் நகரத்துப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ், கும்பல் கொலைகளைப் பற்றித் தம் முதல் சிறுநூலை வெளியிட்டார். கும்பல் கொலை என்பது இங்கே, சட்டத்தின் விசாரணைக்கு இடங்கொடாமல் வெள்ளையர் கூட்டம் கறுப்பினத்தவரைத் தூக்கிலிட்டும் எரித்தும் கொல்வதைக் குறிக்கும். வெள்ளைப் பெண்களின் மானத்தைக் காக்கவே இவை நடப்பதாகச் சொல்லப்பட்டு வந்தது. வெள்ளையர் நடத்திய செய்தித்தாளே தொகுத்த புள்ளிவிவரங்களை எடுத்துக்கொண்ட வெல்ஸ், கொல்லப்பட்டவர்களுள் மூன்றில் ஒரு பங்கு அளவினர் மீதே அப்படியொரு குற்றம் சாட்டப்பட்டது, அதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை என்று காட்டினார். அவரை எழுதத் தூண்டிய மெம்பிஸ் கொலையில் இறந்த மூவரும் ஒரு மளிகைக் கடையை நடத்தியவர்கள். அவர்கள் செய்த ‘குற்றம்’ எதிரே இருந்த வெள்ளையர் கடைக்குப் போட்டியாக இருந்ததுதான். வெல்ஸ் வெளியூர் சென்றிருந்த வேளையில் அவருடைய பத்திரிகை அலுவலகம் சூறையாடப்பட்டது. அவர் மெம்பிஸ் திரும்பாமல் நியூயார்க்கிலிருந்தும் பின்னர் சிகாகோவிலிருந்தும் எழுதினார்.

20ஆம் நூற்றாண்டில் நகரங்களுக்குக் குடிபெயர்ந்த கறுப்பினப் பெண்களுக்குப் பெருமளவில் கிடைத்தது வீட்டு வேலையே. 1930களின் பெருமந்தம் அதையும் தெருவுக்குக் கொண்டுவந்தது. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதித் தெருமுனைகளில் காலையிலிருந்தே பெண்கள் காத்து நிற்பார்கள். அக்கம்பக்கத்துக் குடும்பத்தலைவிகள் வந்து, மணிக்கு இத்தனை சென்ட் என்று பேரம் பேசி, அன்றைய நாளுக்கு ஒருத்தியை அழைத்துச் செல்வார்கள். எல்லா பேக்கர் (Ella Baker), மார்வெல் குக் என்ற இரு பெண்கள் இதை நேரில் ஆராய்ந்து 1935இல் ‘தி கிரைசிஸ்’ இதழில் எழுதிய கட்டுரை, அந்தத் தெருமுனையை அடிமைச் சந்தை என்றே அழைத்தது. அதே சந்தை 1950இலும் கலையாமல் இருந்ததால், குக் மாற்றுடை அடங்கிய காகிதப் பையோடு வேலை தேடுபவராகத் தாமே அங்கு நின்று, மீண்டும் ஒரு கட்டுரைத் தொடரை எழுதினார். இந்த எழுத்துகளின் பின்னணியில் ஒரு சட்ட விவரமும் உண்டு. 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் 1938இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் வீட்டு வேலையையும் விவசாயக் கூலி வேலையையும் விலக்கிவைத்தன. எந்த இனத்தின் பெயரையும் சொல்லாமலேயே கறுப்பினப் பெண்களுள் பெரும்பாலோரை வெளியே நிறுத்த அந்த இரண்டு விலக்குகளும் போதுமாக இருந்தன. வீட்டு வேலையாளுக்குக் குறைந்தபட்சக் கூலி சட்டப்படி உறுதியாக 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தத் தெருமுனை அனுபவத்திலிருந்து ஒரு கோட்பாட்டை உருவாக்கியவர் கிளாடியா ஜோன்ஸ். டிரினிடாடில் 1915இல் பிறந்த அவர், சிறுமியாக நியூயார்க்குக்கு வந்தார். அவருடைய தாய், ஆடைத் தொழிற்சாலை வேலையில் நலிந்து இளவயதிலேயே இறந்தார். ஜோன்ஸையும் பதின்வயதில் காசநோய் பீடித்தது. கம்யூனிஸ்ட் கட்சியின் முன்னணி எழுத்தாளராக வளர்ந்த அவர், 1949இல் கட்சியின் கோட்பாட்டு இதழில், கறுப்பினப் பெண்களின் சிக்கல்கள் புறக்கணிக்கப்படுவதைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். தொழிலாளியாகவும் கறுப்பினத்தவராகவும் பெண்ணாகவும் ஒருத்தி சுரண்டப்படும்போது அந்த மூன்றும் தனித்தனியாக நிகழாமல் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்கின்றன என்பதை ‘மிகைச் சுரண்டல்’ என்று அவர் விளக்கினார். குடும்பத்தைக் காப்பவளாகவும் வெளியில் உழைப்பவளாகவும் இருக்கும் அவள் போராட்டத்தில் இறங்கினால் முழுச் சமூகமும் இறங்கும் என்பது அவருடைய அரசியல் முடிவு. கட்டுரையின் கூர்மையான பகுதி தம் தோழர்களை நோக்கியது: வீட்டு வேலைப் பெண்களைத் தொழிற்சங்கங்கள் கண்டுகொள்வதில்லை, முற்போக்கு வெள்ளைக் குடும்பங்களிலேயே கறுப்பினப் பெண் எதிர்ப்பட்டால் முதலில் நினைவுக்கு வருவது வேலைக்காரிதான் என்று ஜோன்ஸ் ஒளிவுமறைவின்றி எழுதினார். சொந்தக் கட்சியைப் பற்றிச் சொந்தக் கட்சி இதழில் இப்படி எழுத இடம் கிடைத்தது அக்கட்சிக்கு ஒரு பெருமை. எழுதியதற்குப் பின் அங்கே மாறியது சொற்பம்.

அரசு அவரை விட்டுவைக்கவில்லை. 1950ஆம் ஆண்டு மகளிர் நாளில் அவர் ஆற்றிய உரை குற்றப்பத்திரிகையில் சான்றாகக் காட்டப்பட, 1955இல் மேற்கு வர்ஜீனியாவின் ஆல்டர்சன் சிறையில் இருந்து, அவ்வாண்டு டிசம்பரில் பிரிட்டனுக்கு நாடு கடத்தப்பட்டார். லண்டனின் பிரிக்ஸ்டனில் 1958இல் அவர் தொடங்கிய செய்தித்தாள், கரீபிய மக்களோடு ஆசிய, ஆப்பிரிக்க மக்களையும் தன் பெயரிலேயே சேர்த்துக்கொண்டது. இலங்கையின் 1958ஆம் ஆண்டுக் கலவரத்திலிருந்து தப்பி அதே ஆண்டு லண்டன் வந்து சேர்ந்த ஈழத்தமிழர் ஏ. சிவானந்தன், பின்னாளில் ‘ரேஸ் அண்ட் கிளாஸ்’ இதழின் ஆசிரியராக இருந்து, கறுப்பு என்பதைத் தோலின் நிறமாகக் கொள்ளாமல் ஓர் அரசியல் நிறமாக விரித்து எழுதியதும் இந்தச் சூழலில்தான். ஜோன்ஸ் 1964இல் இறந்து, ஹைகேட் கல்லறையில் கார்ல் மார்க்ஸின் இடப்பக்கம் அடக்கம் செய்யப்பட்டார்.

ஜோன்ஸ் நாடு கடத்தப்பட்ட அதே 1955இல் அலபாமாவின் மாண்ட்கோமரியில் தொடங்கிய பேருந்துப் புறக்கணிப்பை உலகம் மார்ட்டின் லூதர் கிங்கின் பெயரால் நினைவில் வைத்திருக்கிறது. பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்த ரோசா பார்க்ஸ் கைதான அன்றிரவே புறக்கணிப்புக்கான பல்லாயிரம் துண்டறிக்கைகளைத் தம் கல்லூரியின் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் விடிய விடிய அச்சிட்டவர் ஜோ ஆன் ராபின்சன் என்ற ஆங்கில ஆசிரியை. அவர் தலைமை வகித்த பெண்கள் அரசியல் மன்றம் அதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே நகர மேயருக்குப் புறக்கணிப்பு எச்சரிக்கை விடுத்துக் கடிதம் எழுதியிருந்தது. பேருந்தை நம்பியிருந்தவர்களில் பெரும் பகுதியினர் வெள்ளையர் வீடுகளுக்கு வேலைக்குச் சென்ற பெண்கள். 381 நாள்கள் நடந்தே போனவர்களும் அவர்களே.

1965இல் அரசின் தொழிலாளர் துறையிலிருந்து டேனியல் பேட்ரிக் மொய்னிஹான் எழுதிய அறிக்கை, இந்த உழைப்பை எல்லாம் நோயின் அறிகுறியாக மாற்றிக் காட்டியது. கறுப்பினக் குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பெண் தலைமை தாங்குவதைச் சுட்டிக்காட்டிய அது, பெண்ணின் ஆதிக்கம் ஆணை முடக்கிவிட்டது, அச்சமூகத்தின் சீர்குலைவுக்கு இதுவே மையக் காரணங்களுள் ஒன்று என்றது. வேடிக்கை என்னவென்றால், அரசை எதிர்த்த கறுப்பினத் தேசியவாதிகளுள் ஒரு சாராரும் இதே முடிவுக்கு வேறு வழியாக வந்து சேர்ந்தனர்: பெண் பின்வாங்கி, ஆண் தலைமை ஏற்க இடம்விட்டு, இனத்துக்காகக் குழந்தை பெற வேண்டும் என்றனர். பிரான்சிஸ் பீல் 1969இல் எழுதிய கட்டுரையும், டோனி கேட் பம்பாரா 1970இல் தொகுத்த ‘தி பிளாக் வுமன்’ நூலும் இந்த இரு தரப்புக்கும் ஒரே நேரத்தில் விடை சொல்ல வேண்டியிருந்தது. கருத்தடை விவகாரத்தில் அந்த நெருக்கடி நன்கு தெரியும். ஏழைக் கறுப்பினப் பெண்களுக்கு விருப்பமின்றிக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது உண்மை. 1973இல் அலபாமாவில் 12, 14 வயதுச் சகோதரிகள் இருவருக்கு, எழுதப் படிக்கத் தெரியாத தாயிடம் கீறல் குறி வாங்கிக்கொண்டு அப்படிச் செய்தது வழக்காகவே வெளிவந்தது. அந்த வழக்குக்கு முன்பே, இத்தகைய அறுவைகளைக் காட்டிக் கருத்தடை மாத்திரையே இனஅழிப்பு என்று ஆண்கள் சிலர் முழங்கியபோது, கட்டாய அறுவையை எதிர்ப்பதும், எப்போது குழந்தை பெறுவது என்பதைப் பெண்ணே முடிவு செய்வதும் ஒரே உரிமையின் இரு பகுதிகள் என்று பீல் எழுதினார்.

மொய்னிஹானுக்குக் கோட்பாட்டு நிலையில் வந்த மறுப்பு சிறையிலிருந்து வந்தது. 1970 அக்டோபரில் கைதாகி விசாரணைக்குக் காத்திருந்த ஏஞ்சலா டேவிஸ், கைக்கு எட்டிய சில நூல்களை மட்டும் கொண்டு எழுதிய கட்டுரை 1971 டிசம்பரில் ‘தி பிளாக் ஸ்காலர்’ இதழில் வெளிவந்தது. வயலில் ஆணுக்குச் சமமாகப் பெண்ணும் பருத்தி பறித்தாள், சமமாகச் சவுக்கடி பட்டாள். ஆகவே அடிமைமுறை உண்டாக்கியது தாயாட்சியன்று, ஒடுக்குமுறையில் கிடைத்த உருக்குலைந்த சமத்துவமே என்பது அதன் முதற்படி. அடுத்த படிதான் புதுமையானது. அடிமை செய்த மற்ற வேலைகளின் பலன் எல்லாம் எசமானுக்குப் போயிற்று. குடிசையில் தம் மக்களுக்காகச் சமைத்ததும் துணி தைத்ததும் நோயாளியைப் பேணியதும் மட்டுமே அவன் நேரடியாகப் பறிக்க முடியாத உழைப்பாக எஞ்சின. எங்கும் பெண்ணைத் தாழ்த்தும் அதே வீட்டு வேலை, அடிமைக் குடியிருப்பில் சமூகம் உயிர்பிழைக்கும் வழியாகவும் எதிர்ப்பு கருக்கொள்ளும் இடமாகவும் ஆயிற்று. அதனாலேயே பெண்ணின் மீதான பாலியல் வன்முறை, அந்த எதிர்ப்பை நொறுக்கும் ஆயுதமாகப் பயன்பட்டது என்று டேவிஸ் வாதிட்டார். குறைந்த ஆதாரங்களில் பெரிய முடிவுகளுக்குத் தாவுகிறது, பெண்களை வீரநாயகிகளாக்கிவிடும் போக்கும் இருக்கிறது என்று இக்கட்டுரையைக் குறை சொல்லலாம். பண்ணை ஆவணங்களையும் முன்னாள் அடிமைகளின் வாய்மொழிகளையும் கொண்டு டெபோரா கிரே ஒயிட் 1985இல் எழுதிய வரலாறு, சோர்வும் சமரசமும் கலந்த சித்திரத்தையே தருகிறது. எனினும் கேள்வியைச் சரியான இடத்தில் வைத்தது டேவிஸின் கட்டுரைதான். 1972 ஜூனில் அவர் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். கட்டுரையின் கருத்துகள் விரிந்து 1981இல் ‘விமன், ரேஸ் அண்ட் கிளாஸ்’ என்ற நூலாயின.

பாஸ்டனில் 1974இல் கூடிய ஒரு சிறு குழு, உள்நாட்டுப் போரின்போது 1863இல் ஹேரியட் டப்மன் வழிகாட்டிய படையெடுப்பு 700க்கும் மேற்பட்ட அடிமைகளை விடுவித்த ஆற்றின் பெயரைச் சூட்டிக்கொண்டு, கம்பாஹீ ஆற்றுக் குழு எனப்பட்டது. பார்பரா ஸ்மித், பெவர்லி ஸ்மித், டெமிட்டா ஃபிரேசியர் ஆகியோர் 1977இல் எழுதிய அதன் அறிக்கை, இனம், பால், வர்க்கம், பாலியல் விருப்பம் ஆகியவற்றின் ஒடுக்குமுறைகள் ஒன்றோடொன்று பின்னியவை என்றது. இரண்டு ஆண்டுகளில் அந்த அறிக்கை தெருவில் சோதிக்கப்பட்டது. 1979 ஜனவரி முதல் மே வரை பாஸ்டனில் கறுப்பினப் பெண்கள் 12 பேர் கொல்லப்பட்டனர். கண்டன ஊர்வலத்தில் பேசியவர்கள், இது இனக் கொலை, ஆண்கள் பெண்களைக் காக்க வேண்டும், பெண்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்றார்கள். கொல்லப்பட்டவர்கள் பெண்கள் என்பதால் கொல்லப்பட்டிருக்கலாம் என்ற எண்ணமே மேடையில் எழவில்லை. அன்றே பார்பரா ஸ்மித் ஒரு துண்டுநூல் எழுதத் தொடங்கினார். ‘ஆறு கறுப்பினப் பெண்கள்: ஏன் இறந்தார்கள்?’ என்று பொருள்படும் தலைப்போடு அது அச்சாயிற்று. அடுத்தடுத்த பதிப்புகளில் அட்டையிலிருந்த ஆறு அடிக்கப்பட்டு ஏழு ஆனது, பிறகு எட்டு. கடைசியில் பதினொன்று வரை போனது. உள்ளே கோட்பாட்டோடு, பாதுகாப்பாக வீடு திரும்பும் வழிகளும் உதவிக்கு அணுக வேண்டிய அமைப்புகளும் அச்சிடப்பட்டிருந்தன.

நீதிமன்றங்களுக்கு இந்தச் சிந்தனை போய்ச்சேரவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் செயின்ட் லூயிஸ் ஆலையில் 1970களின் மந்தத்தின்போது ‘கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே’ என்ற விதிப்படி ஆள்குறைப்பு நடந்தது. 1964க்கு முன் அந்த நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுத்ததே இல்லை என்பதால், கடைசியில் சேர்ந்தவர்களாக அவர்களே அமைந்தார்கள். ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கில் 1976இல் வந்த தீர்ப்பு, இனப் பாகுபாடு என்றோ பால் பாகுபாடு என்றோ வழக்காடலாம், இரண்டையும் கூட்டிப் புதியதொரு வகையை உருவாக்க முடியாது என்றது. வெள்ளைப் பெண்கள் வேலையில் இருந்தார்கள், ஆகவே பெண்களுக்குப் பாகுபாடு இல்லை என்பது நீதிமன்றத்தின் கணக்கு. சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் இந்தத் தீர்ப்பை அலசி, இரண்டு ஒடுக்குமுறைகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நிற்பவளைச் சட்டம் காணாமல் விடுவதை விளக்கினார். இன்று அந்தக் கோட்பாடு உலகப் பல்கலைக்கழகங்கள் எங்கும் அடையாளங்களை அடுக்கும் பட்டியலாகச் சுருங்கிப் பயன்படுகிறது. அது ஓர் ஆலையின் ஆள்குறைப்புப் பட்டியலிலிருந்து தொடங்கியது என்பதை மேற்கோள் காட்டுவோருள் பலர் கவனிப்பதில்லை.

இந்த எழுத்துகள் வாசகரிடம் வந்துசேர்ந்த ஆண்டுகளையும் கவனிக்க வேண்டும். ஐடா வெல்ஸ் 1931இல் இறந்தபோது ஒரு வாக்கியத்தின் நடுவே நின்றுபோயிருந்த அவருடைய தன்வரலாற்றை, மகள் ஆல்ஃப்ரெடா டஸ்டர் 1970இல்தான் வெளிக்கொண்டுவர முடிந்தது. ஜோ ஆன் ராபின்சனின் நினைவுக் குறிப்புகளும் யெலின் பதிப்பித்த ஜேக்கப்ஸ் நூலும் 1987இல் வந்தன. கிளாடியா ஜோன்ஸைப் பற்றி கரோல் பாய்ஸ் டேவிஸ் எழுதிய நூல் 2007இல் வந்தது. ஆண்டுகள் இப்படி 1970 முதல் வந்து குவிவது தற்செயலன்று. அந்தத் தலைமுறைக் கறுப்பினப் பெண்கள் பல்கலைக்கழகங்களுக்குள் நுழைந்தார்கள், பாடத்திட்டங்களை வகுத்தார்கள். பிற பதிப்பகங்கள் திருப்பியனுப்பியவற்றை வெளியிட 1980இல் ஆட்ரி லார்டும் பார்பரா ஸ்மித்தும் பிறரும் சேர்ந்து ‘கிச்சன் டேபிள்’, அதாவது சமையலறை மேசை, என்ற பெயரில் சொந்தப் பதிப்பகத்தையே நிறுவினார்கள். கம்பாஹீ அறிக்கை தனி வெளியீடாக அச்சானது அங்கிருந்துதான், 1986இல்.